ஹாலோவீன் மாலை பிள்ளையை அனுப்பலாமா? வீட்டில் இரண்டு கருத்து இருந்தால் எழும் கேள்விகள்

அக்டோபர் பிறந்ததும் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தமிழ் வீடுகள் பலவற்றில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "என் கிளாஸ்ல எல்லாரும் போறாங்க" என்று பிள்ளை வந்து நிற்கும். ஒருவர் போகட்டும் என்பார், மற்றவர் எதற்கு என்பார். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கோ அம்மம்மாவுக்கோ மூன்றாவது கருத்து ஒன்று இருக்கும். பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

இது என்ன நாள்? பேயைக் கும்பிடுகிற நாளா?

கும்பிடுவது எதுவும் இதில் இல்லை. நவம்பர் 1 திருச்சபையின் அனைத்துப் புனிதர்கள் நாள். அதற்கு முந்திய மாலைதான் ஹாலோவீன்; அந்தப் பெயருக்கே புனிதர் நாளின் முன்மாலை என்றுதான் பொருள். நவம்பர் 2 தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்த பழைய கெல்டிய அறுவடை முடிவு விழாவின் வழக்கங்களும் இதோடு கலந்தன. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து குடியேறியவர்கள் அதை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு இங்கே பரங்கிக்காய் கிடைத்தது.

வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பது இன்னும் பிந்திய வழக்கம். "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்ற சொல் அச்சில் வந்த ஆரம்ப இடங்களில் ஒன்று 1927இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துப் பிளாக்கி என்ற சிற்றூர்ச் செய்தி. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தபோது வழக்கம் அடங்கிப்போய், 1947இல் அமெரிக்காவில் பங்கீடு நீங்கிய பிறகு மறுபடி தலையெடுத்தது. நாம் இன்று பார்க்கும் வடிவம் பெரும்பாலும் 1950களில் உருவானது.

ஒருவர் சரி என்கிறோம், ஒருவர் வேண்டாம் என்கிறோம். பேச்சை எங்கே தொடங்குவது?

"வேண்டாம்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்குங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் பெரும்பாலும் நான்கு வேறு வேறு மறுப்புகள் கலந்து கிடக்கும்: நம்பிக்கைக்கு ஒத்துவராது, ஆபத்து, இவ்வளவு சர்க்கரை ஆகாது, அந்நியர் வாசலில் கை நீட்டுவது கௌரவக் குறைவு. வேண்டாம் என்பவரிடம், "இந்த நாலில் எது சரியாகிவிட்டால் உங்களுக்குச் சம்மதம்?" என்று கேளுங்கள். "ரோட்டில் கார்தான் பயம்" என்றால் அதற்கு வழி இருக்கிறது. "எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை" என்றால் அதற்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அக்டோபர் முதல் வாரத்திலேயே, பிள்ளை தூங்கிய பிறகு இதைப் பேசி முடியுங்கள். வேடம் வாங்கிய பிறகு எடுக்கும் முடிவு முடிவே அல்ல. 30ஆம் தேதி ராத்திரி சண்டை வந்தால், காலையில் பிள்ளை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, யாரிடம் கேட்டால் காரியம் நடக்கும் என்பதைக் கற்றுக்கொள்ளும். பிள்ளையைத் தீர்ப்பு சொல்ல வைக்கவும் வேண்டாம். "அம்மா போகலாம் என்கிறாள், அப்பா வேண்டாம் என்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?" என்று ஆறு வயதுக் குழந்தையிடம் கேட்பது, யாரை உனக்குப் பிடிக்கும் என்று கேட்பதற்குச் சமம்.

எங்கள் நம்பிக்கைக்கு இது சரியா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. யெகோவாவின் சாட்சிகள் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் இருளின் காரியம் என்று விலகி நிற்கின்றன. சில சபைகள் அதே மாலையில் அறுவடை விழா என்ற பெயரில் விளையாட்டும் மிட்டாயும் வைக்கின்றன. கத்தோலிக்கக் குடும்பங்கள் சில பிள்ளைக்குப் புனிதர் வேடம் போட்டு அனுப்புகின்றன. சீர்திருத்தத் திருச்சபையினருக்கு அதே அக்டோபர் 31தான் 1517இல் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துகளை வெளியிட்ட நாள். முஸ்லிம் குடும்பங்களில் தவிர்ப்பவர்களே மிகுதி; மிட்டாய் மட்டும் கொடுப்பவர்களும் உண்டு.

இந்து வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் பஞ்சாங்கத்தோடுதான். 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31, ஹாலோவீனும் அக்டோபர் 31. காலையில் எண்ணெய்க் குளியல், புத்தாடை, பலகாரம், மாலையில் பேட்மேன். அப்படி வரும் ஆண்டில் காலை தீபாவளிக்கு, மாலை ஐந்தரைக்குள் விளக்கேற்றி முடித்து ஏழரை வரை தெரு, பிறகு மத்தாப்பு என்று நேரம் பிரித்துக்கொள்ளலாம். பட்டாசுக்கு ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால் நகராட்சி அனுமதியை முன்பே பார்த்துவிடுங்கள். ஆண்டு தவறாமல் கந்தசஷ்டி பிடிக்கும் வீடுகளில், 2022இல் நடந்ததுபோல் சூரசம்ஹாரம் அக்டோபர் கடைசியில் வந்தால், மாமிசக் கலப்புள்ள மிட்டாய் வீட்டுக்குள் வருவதே பிரச்சினையாகும். அதைப் பற்றிக் கீழே.

எங்கள் கருத்து இது: இருவரில் ஒருவருக்கு நம்பிக்கை சார்ந்த மறுப்பு உறுதியாக இருந்தால் அதை மதித்து, மறுப்பு எதுவரை நீள்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும். பலருக்கு வேடம் சரி, பிசாசு வேடம் கூடாது. சிலருக்கு வெளியே போவது கூடாது, வாசலுக்கு வரும் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கலாம். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பிள்ளையை அழைத்துப்போவது மட்டும் வேண்டவே வேண்டாம். படம் எப்படியும் யாராவது ஒருவருடைய வாட்ஸப்பில் வந்துவிடும்.

"வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுப்பதா?" என்று பாட்டி கேட்கிறாரே?

அவர் கேட்பது நியாயமான கேள்வி. கேட்காமல் வாங்காதே, கொடுத்தாலும் அம்மாவைப் பார் என்று வளர்த்தவர்கள் அவர்கள். கொலுவை நினைவூட்டுங்கள். நவராத்திரியில் பாவாடை கட்டிய பெண் குழந்தைகள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடிச் சுண்டல் வாங்கி வருவதில் இரந்து நிற்கும் உணர்வு யாருக்கும் இல்லை. நம் வீட்டுக்கும் நாலு பேர் வருகிறார்கள், நாமும் கொடுக்கிறோம் என்பதால் அது மரியாதையாக இருக்கிறது. ஹாலோவீனும் அப்படிக் கொடுத்து வாங்கும் நாள்தான். ஆகவே பிள்ளையை அனுப்பும் வீடு, தன் வாசலிலும் விளக்குப் போட்டு மிட்டாய் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பைப் பாட்டியிடமே கொடுத்துப் பாருங்கள். கதவைத் திறந்தால் மூன்றடி உயரத்தில் ஒரு தேனீ, இறக்கை ஒருபக்கம் சரிந்தபடி, பையை விரித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மறந்து நிற்கும். அதற்குப் பிறகு மறுப்பு தானே கொஞ்சம் இளகும்.

மிட்டாயில் விஷம், பிளேடு, ஊசி என்று வருடாவருடம் செய்தி வருகிறதே?

டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைப் பல பத்தாண்டுகளாகத் தேடித் தொகுத்து வருகிறார். முன்பின் தெரியாதவர் ஹாலோவீனில் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரிய காயம் பட்டதாகவோ உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 1974ஆம் ஆண்டு டெக்சாஸ் மரணத்தில், காப்பீட்டுப் பணத்துக்காக மிட்டாய்ப் பொடியில் சயனைடு கலந்து மகனுக்குக் கொடுத்தவர் பெற்ற தந்தையே. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்ததும், ஹாலோவீனுக்குச் சில வாரங்களே இருந்ததால் இந்த அச்சம் நாடெங்கும் பரவியது.

கஞ்சா கலந்த மிட்டாய் மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். அதன் உறை சாதாரண மிட்டாயைப் போலவே இருப்பதுண்டு. 2022 ஹாலோவீனில் வின்னிபெக் நகரில் அப்படிப்பட்ட பொட்டலங்கள் பிள்ளைகளின் பைகளில் கிடைத்தன. கனடாவில் சட்டப்படி விற்கும் பொட்டலத்தில் கஞ்சா இலையும், அதன் போதைப் பொருளைக் குறிக்கும் டி.எச்.சி. (THC) என்ற எழுத்துகளும் கொண்ட சிவப்புக் குறி இருக்கும். கள்ளச் சரக்கில் அந்த எழுத்துகள் பொடியாக ஒரு மூலையில் இருக்கலாம்.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். வெளியே கிளம்புமுன் சாப்பாடு கொடுத்துவிடுங்கள், வழியில் தின்னும் அவசரம் இருக்காது. வந்ததும் பெரிய தாம்பாளத்தில் எல்லாவற்றையும் கொட்டி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உறை கிழிந்தது, ஓட்டை விழுந்தது, மறுபடி ஒட்டியது போலிருப்பது, உறையே இல்லாதது, பெயர் தெரியாதது எல்லாம் குப்பைக்கு. வீட்டில் செய்த பலகாரம் என்றால், கொடுத்தவரை உங்களுக்கு நேரில் தெரிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் கெட்டி மிட்டாய், சூயிங்கம், முழுக் கடலை, சின்னப் பொம்மைகளைத் தனியே எடுத்துவிடுங்கள்; தொண்டையில் சிக்குபவை இவைதான். பிள்ளை எதையாவது தின்று சந்தேகம் வந்தால் நச்சு உதவி எண் அமெரிக்காவில் 1-800-222-1222, கனடாவில் 1-844-764-7669. மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் நேராக 911.

அப்படியானால் உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு?

காருக்கு. வீட்டில் ஆபத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போக வேண்டும்.

2018 அக்டோபர் இறுதியில் ஜாமா பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 1975 முதல் 2016 வரை அமெரிக்காவில் 42 ஹாலோவீன் மாலைகளில் நடந்து சென்றவர்களின் சாலை மரணங்களை எடுத்து, ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் அதே நேரத்தோடு ஒப்பிட்டார்கள். ஹாலோவீன் மாலையில் ஆபத்து 43 சதவீதம் கூடுதல். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு. மாலை ஆறு மணியை ஒட்டித்தான் உச்சம். மொத்த எண்ணிக்கை சிறியதே, அந்த நாட்டில் ஒரு ஹாலோவீனுக்குச் சராசரியாக நான்கு மரணம் கூடுதல். ஆனால் யாருக்கு, எந்த நேரத்தில், எதனால் என்பது இவ்வளவு தெளிவாகத் தெரியும் ஆபத்தைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஆறு மணி ஏன் மோசம் என்றால், அலுவலகம் விட்டு வருபவர்கள் ஓட்டும் நேரமும் இருட்டும் நேரமும் பிள்ளைகள் தெருவில் இறங்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. அக்டோபர் 31இல் சூரியன் மறைவது நியூ ஜெர்சியின் எடிசனில் 5:55 வாக்கில், டொரொண்டோவில் 6:10 வாக்கில், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் 6:15 வாக்கில், டாலஸில் 6:35 வாக்கில். மறைந்த பின் அரை மணிக்குள் முழு இருட்டு. சின்னப் பிள்ளைகளை ஐந்தரைக்கே கிளப்பி ஆறரைக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் பாதிப் பயம் நீங்கும்.

தெருவில் நடப்பது இதுதான்: எதிர்வரிசையில் பெரிய சாக்லேட் கொடுக்கிறார்கள் என்று யாரோ கத்துவார்கள். நிறுத்தியிருக்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து கறுப்பு அங்கி போட்ட பிள்ளை ஒன்று குனிந்த தலையோடு ஓடும். ஓட்டுநருக்கு அந்த உயரம் பானெட்டுக்கு மேல் தெரியவே தெரியாது. ஆகவே தெருவின் ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டு, முனையில் ஒரே ஒருமுறை கடந்து, மறுபக்கமாகத் திரும்பி வாருங்கள். இந்த ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்தரும். பையின் இரு பக்கமும், முதுகிலும், கையிலும் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒட்டுங்கள். டார்ச் பிள்ளை கையில் ஒன்று, உங்கள் கையில் ஒன்று. கடக்கும்போது முகமூடி நெற்றிக்கு மேல். டிரைவ்வேயில் பின்னோக்கி வரும் வண்டியைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்; பல பெற்றோர் மறப்பது அது. அன்று மாலை நீங்களும் ஐந்தரை முதல் ஒன்பது வரை குடியிருப்புத் தெருக்களில் வண்டி எடுக்காமல் இருக்க முடிந்தால் நல்லது. பிள்ளையைக் காரில் ஏற்றி வீட்டுக்கு வீடு நிறுத்தி இறக்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஆபத்தைக் கூட்டுவதே அதுதான்.

எந்த வயதில் தனியாக விடலாம்?

பன்னிரண்டுக்குக் கீழ் பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும். வரும் காரின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் திறன் ஒன்பது, பத்து வயது வரை பிள்ளைகளுக்குச் சரியாக அமைவதில்லை. புத்திசாலிப் பிள்ளை என்பதால் அது முன்கூட்டி வந்துவிடாது. பன்னிரண்டுக்கு மேல் என்றால் மூன்று நான்கு பேராக, தெரிந்த தெருக்களில், போகும் வழியை முன்பே பேசி, திரும்பும் நேரம் குறித்து விடலாம். யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது, வாசலோடு சரி. கைப்பேசியில் முழு மின்னூட்டம். "போகட்டும்" என்பவருக்கும் "வேண்டாம்" என்பவருக்கும் நடுவில் பெரும்பாலும் ஒத்துவரும் ஏற்பாடு, பெரியவர் இருபதடி பின்னால் நடப்பது.

பதினைந்து வயதுப் பையன் போகலாமா?

சில ஊர்களில் சட்டமே உண்டு. வர்ஜீனியாவின் செசபீக் நகரில் நெடுங்காலம் 12 வயதுக்கு மேல் தடை இருந்தது. 2019இல் அதை 14 ஆக்கினார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பாதர்ஸ்ட் நகரம் 16 என்று வைத்தது. பெரும்பாலான ஊர்களில் வயது வரம்பு இல்லை. வேடமே போடாமல் பையோடு மட்டும் போனால் முகம் சுளிப்பார்கள். தம்பி தங்கையை அழைத்துப்போகும் பொறுப்பைக் கொடுத்தால் இரண்டு காரியமும் முடியும்.

எந்த வீட்டுக்குப் போகலாம், எத்தனை மணி வரை?

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தட்டக் கூடாது. இது எழுதாத விதி, எல்லோரும் காப்பாற்றுவது. பெரும்பாலும் எட்டு, எட்டரைக்கு முடியும். ஒஹாயோ, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பல ஊர்கள் நேரத்தையும், சில சமயம் வேறு தேதியையும் அறிவிக்கும். நகராட்சி அறிவிப்பைப் பாருங்கள். 2019இல் புயல்காற்று எச்சரிக்கையால் மொன்றியல் நகரமே நவம்பர் 1க்குத் தள்ளி வைக்கச் சொன்னது. அபார்ட்மென்ட், காண்டோ என்றால் லிஃப்ட் அருகே கையெழுத்துத் தாள் ஒட்டியிருப்பார்கள். பெயர் எழுதிய கதவுகளை மட்டும் தட்டுங்கள்.

வேடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தரையில் புரளும் அங்கியைக் கணுக்காலுக்கு மேல் மடித்துத் தைத்துவிடுங்கள், தடுக்கி விழுவது அன்று சாதாரணம். தீப்பற்றுவதைத் தாங்கும் துணி என்ற குறிப்பு உள்ளதை வாங்குங்கள். சில வாசல்களில் பரங்கிக்காய்க்குள் உண்மையான மெழுகுவத்தி எரியும். முகச்சாயத்தை இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள். கண்ணின் நிறம் மாற்றும் லென்ஸைக் கடையில் சும்மா வாங்கிப் போடுவது கூடவே கூடாது. அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்பதே சட்டவிரோதம்.

கனடாவில் குளிர் தனிச் சிக்கல். ஜாக்கெட் மேலே போட்டால் வேடம் தெரியவில்லை என்று பிள்ளை அழும். ஆகவே வேடத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கி, ஜாக்கெட்டையும் பனிக்கால்சட்டையையும் உள்ளே போட்டு, அதன்மேல் மாட்டுங்கள். கடையிலேயே ஜாக்கெட்டோடு போட்டுப் பாருங்கள்.

இரத்தம் வழியும் வேடம் வேண்டுமா என்பதில் வீட்டில் கருத்து மாறும். எங்கள் அபிப்பிராயம்: தெருவில் மூன்று வயதுக் குழந்தைகளும் வருவார்கள், பத்து வயதுக்குள் அது தேவையில்லை.

நாங்கள் சைவம். எந்த மிட்டாய் சரி?

பட்டியல் மனத்தில் இருந்தால் பிரிப்பது எளிது. ஜெலட்டின் என்பது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. கம்மி பேர் வகை, மார்ஷ்மெல்லோ, அமெரிக்க ஸ்டார்பர்ஸ்ட், பெரும்பாலான கேண்டி கார்ன் ஆகியவற்றில் அது உண்டு. ஸ்கிட்டில்ஸில் இப்போது இல்லை. முட்டையும் சேர்க்காத வீடு என்றால் ஸ்னிக்கர்ஸ், மில்கி வே, த்ரீ மஸ்கிட்டியர்ஸ் மூன்றையும் ஒதுக்குங்கள். உள்ளே முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது. சாக்லேட் என்பதால் சைவம் என்று நினைத்துப் பலரும் ஏமாறுவது இங்கேதான். நெர்ட்ஸின் சிவப்பு நிறம் கார்மைன், அது பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம். கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ் என்று எழுதியிருந்தால் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்; அதை ஏற்பதும் தள்ளுவதும் அவரவர் வழக்கம்.

கிட்கேட், ரீஸஸ் கடலைக் கப், ஹெர்ஷிஸ் பால் சாக்லேட், எம் அண்ட் எம்ஸ் ஆகியவற்றில் ஜெலட்டினோ முட்டையோ கிடையாது. ஒரு குழப்பம்: அமெரிக்காவில் ஸ்மார்ட்டீஸ் என்பது புளிப்பு மாத்திரை மிட்டாய், அதே பொருள் கனடாவில் ராக்கெட்ஸ். கனடாவில் ஸ்மார்ட்டீஸ் என்றால் சாக்லேட். பொருள்கள் மாறும், ஆகவே உறையைப் படிப்பதே கடைசிச் சொல். சின்ன உறையில் எதுவும் அச்சிடவில்லை என்றால் அந்த வகையின் பெரிய பையைப் பார்க்க வேண்டும்.

பிள்ளை வாசலில் நின்று "எங்களுக்கு இது ஆகாது" என்று சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளட்டும், வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகவே கிட்கேட் போன்றது ஒரு பை வாங்கி வைத்து, ஒன்றுக்கு ஒன்று மாற்றுங்கள். ஒதுக்கியதை அலுவலகத்துக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடலாம்.

பிள்ளைக்குக் கடலை அலர்ஜி. வீட்டில் இருப்பதே நல்லதா?

அவசியமில்லை. ஃபேர் என்ற உணவு அலர்ஜி அமைப்பு 2014இல் நாடு முழுவதும் பரப்பிய வழக்கம் ஒன்று உண்டு: வாசலில் பச்சை கலந்த நீல நிறப் பரங்கிக்காய் இருந்தால், அந்த வீட்டில் உணவல்லாத பொருளும், ஸ்டிக்கர், பென்சில், ஒளிரும் வளையம் என்று, கிடைக்கும். கடும் அலர்ஜிக்கு உடனே போடும் எப்பிநெஃப்ரின் ஊசி இரண்டும் கூட வரும் பெரியவர் பையில் இருக்கட்டும், காரில் வேண்டாம். ஒரே பெயரில் வரும் சின்ன மிட்டாயும் பெரிய மிட்டாயும் வேறு தொழிற்சாலையில், வேறு பொருளில் தயாராவதுண்டு. "வழக்கமாகச் சாப்பிடுவதுதானே" என்று விடாதீர்கள். அலர்ஜி விஷயத்தில் பெற்றோரில் கண்டிப்பானவர் சொல்வதே நடக்கட்டும்.

கொண்டுவந்ததில் எவ்வளவு தின்ன விடுவது?

அடுத்த சண்டை வருவது இதில்தான். பல்லைப் பொறுத்தவரை எத்தனை துண்டு என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி ஏறக்குறைய அரை மணி நேரம் பல்லை அரிக்கும். நாளெல்லாம் ஒவ்வொன்றாகச் சப்புவதைவிடச் சாப்பாட்டுக்குப் பின் மூன்றைச் சேர்த்துத் தின்று தண்ணீர் குடிப்பது நல்லது. பல்லில் ஒட்டும் டாஃபியும் நீண்ட நேரம் சப்பும் மிட்டாயும் சாக்லேட்டைவிடக் கெடுதல்.

நடைமுறைக்கு உகந்த உடன்பாடு: அன்றிரவு ஐந்தாறு, பிறகு தினமும் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு. பிள்ளை தனக்குப் பிடித்த நாற்பதைத் தேர்ந்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கட்டும், அது சமையலறை மேல்தட்டில். மீதியை ஒரு புத்தகத்துக்கோ பொம்மைக்கோ மாற்றிக்கொள்ளலாம். சில பல் மருத்துவமனைகள் எடைக்குப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். பிள்ளைக்குத் தெரியாமல் தூக்கி எறிவது வேண்டாம். அது எண்ணி வைத்திருக்கும்.

அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இருவரும் சேர்ந்து, ஒரே வாக்கியத்தில், பத்து நாள் முன்பே சொல்லுங்கள்: "நம் வீட்டில் இதைச் செய்வதில்லை. அன்று நாம் இதைச் செய்வோம்." இரண்டாவது பாதியில் உண்மையாகவே ஏதாவது இருக்க வேண்டும். போகிறவர்களைத் தாழ்த்திப் பேச வேண்டாம். பிள்ளை அதை வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு வரும். "அது கெட்டது" என்பதைவிட "அது நம் வழக்கம் இல்லை" என்பதைக் குழந்தை எளிதில் தாங்கும்.

ஆசிரியருக்கு முன்கூட்டியே இரண்டு வரி எழுதுங்கள். பள்ளிகளில் வேட ஊர்வலம் நடக்கலாம். பல பள்ளிகள் இப்போது ஆரஞ்சு, கறுப்பு உடை என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றன. நியூ ஜெர்சியின் சவுத் ஆரஞ்ச், மேப்பிள்வுட் பள்ளி மாவட்டம் 2023இல் பள்ளி நேர ஹாலோவீனையே கைவிட்டது; அதற்கும் இரு பக்கமும் வாக்குவாதம் நடந்தது. அன்று மாலை வாசல் விளக்கை அணைத்துவிட்டு வெளியே சாப்பிடப் போவது பல வீடுகளில் நன்றாக நடக்கிறது. வீட்டிலேயே இருந்தால் எட்டரை வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும்; பிள்ளைக்கு அதுதான் கஷ்டம்.

நடுவழி ஏதாவது உண்டா?

ட்ரங்க் ஆர் ட்ரீட்: தேவாலயம் அல்லது பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்தில் கார்களின் டிக்கியைத் திறந்து அலங்கரித்து மிட்டாய் கொடுப்பார்கள். வண்டி ஓடாது, வெளிச்சம் உண்டு, கொடுப்பவர்கள் தெரிந்தவர்கள். சாலைப் பயம் உள்ள பெற்றோருக்கு ஏற்றது. பக்கத்து வீட்டாரோடு பழக வேண்டும் என்பவருக்கு அதில் நிறைவு இராது. பத்தே வீடு என்று எண்ணிப் போவது இன்னொரு வழி. ஐந்து வயதுக்குள் பிள்ளைக்குப் பத்து வீடு தாராளம். அதற்கு மேல் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

நாங்கள் பிரிந்து வாழ்கிறோம். அவர் வீட்டில் இருக்கும் நாளில் அனுப்புகிறாரே?

பிள்ளை பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஹாலோவீன் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் பெரும்பாலும் அன்று யாருடைய நாளோ அவர் முடிவே நடக்கும். ஓராண்டு விட்டு ஓராண்டு என்றோ, ஐந்து முதல் ஏழு வரை ஒருவர், பிறகு மற்றவர் என்றோ எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். அலர்ஜியும் சாலைப் பாதுகாப்பும் இரண்டு வீட்டுக்கும் ஒரே விதியாக இருக்கட்டும். வேடம் எந்த வீட்டில் இருக்கிறது என்பதை 29ஆம் தேதியே கேட்டுவிடுங்கள். அழுகை பாதி அங்கேதான் தொடங்குகிறது.

நாங்கள் இருவரும் சரி என்றுவிட்டோம், பிள்ளைதான் பயந்து மறுக்கிறது.

விட்டுவிடுங்கள். மூன்று நான்கு வயதில் முகமூடிக்குப் பின்னால் தெரிந்த மாமா இருப்பதைப் புரிந்துகொள்ள முடியாது. வாசலில் உங்கள் மடியில் உட்கார்ந்து மிட்டாய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். கதவைப் பாதி திறந்து வையுங்கள். மணி அடிக்கும்போது திடுக்கிடாது. பயமுறுத்தும் வேடம் வந்தால், "முகமூடியை எடுத்துக் காட்டு கண்ணா" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் உடனே எடுத்துவிடுவார்கள். வேடத்தை மடித்து வையுங்கள். அடுத்த வாரம் அதையே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சுற்றும்.